மங்கோலியக் குதிரை லீவு கேட்ட கதை

மேகங்கள் வழி தவறி வந்து மரக்கிளைகளில் மாட்டிக்கொள்ளும் உயரத்தில் ஒரு காட்டில், ஒரு குதிரை வேலை பார்த்துவந்தான். குதிரையை 'வந்தது, போனது' என்று சொல்வதுதான் வழக்கம். ஆனால் இவன் பார்த்த வேலைக்கு அந்த மரியாதையைக்கூடக் கொடுக்காவிட்டால் கதை சொல்கிற நாக்கு அழுகிப்போகும்.

அவன் பிறந்தது மங்கோலியாவில். அங்கே குதிரைகளுக்குப் பெரும்பாலும் தனியாகப் பெயர் வைப்பதில்லை, நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவன் சாம்பல் நிறம். சாம்பல் நிறத்துக்கு அந்த ஊர்ப் பேச்சில் 'சாரல்' என்று பெயர். அதைக் கேட்டதும் காட்டு விலங்குகளுக்கு ஒரே சந்தோஷம். "அட, நம்ம ஊர்ப் பேரு! மழை வாசனை அடிக்குதே!" என்றன. சாம்பலுக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் வந்த இடத்தில் முகம் கோணக் கூடாது என்று தலையை ஆட்டிவைத்தான்.

மலையடிவாரத்து எஸ்டேட் முதலாளி ஒருவர்தான் அவனைக் கப்பலில் வரவழைத்தவர். வந்து இறங்கியவனைப் பார்த்ததும் முதலாளி முகம் சுருங்கிவிட்டது. உயரம் இல்லை. கால்கள் கட்டை. தலை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிசு. "குதிரை கேட்டேன், கோவேறு கழுதையை அனுப்பியிருக்கானுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வாசல் கதவைச் சாத்தவில்லை. சாரல் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். யாரும் வரவில்லை. மெதுவாக நடந்து காட்டுக்குள் வந்துவிட்டான்.

காட்டுக்கு ராஜா ஒரு புலி. ஆனால் நிர்வாகம் முழுக்க முள்ளம்பன்றி ஏகாம்பரத்தின் கையில். பேனா தேடி அலைய வேண்டியதில்லை என்பதால் அந்தப் பதவி அவருக்கு வாய்த்தது. எழுத வேண்டும் என்றால் முதுகிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்வார். புதிதாகக் குடிவருகிறவர்கள் ஏகாம்பரத்தைப் பார்த்து ஒரு வேலை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். சாரலும் வரிசையில் நின்றான்.

"லாடம் என்ன சைஸ்?" என்று தலை நிமிராமல் கேட்டார் ஏகாம்பரம்.

"லாடம் போடுறதில்லை ஐயா. குளம்பே கெட்டிதான்."

"கொட்டகை வேணுமா?"

"வேண்டாம் ஐயா. வெயிலோ மழையோ, வெளியிலயே நிப்பேன்."

"தீவனம்? கொள்ளா, ஓட்ஸா?"

"புல்லு போதும். எங்க ஊர்ல புல்லை மூடிப் பனி கிடக்கும். குளம்பால தோண்டித் தின்னுக்குவோம்."

"அப்ப தண்ணிக்கு?"

"தண்ணி இல்லைன்னா அந்தப் பனியையே தின்னுக்குவோம்."

ஏகாம்பரம் இப்போது நிமிர்ந்து பார்த்தார். "குளிர் காலத்துக்குக் கம்பளி?"

"அது முதுகுலயே வளரும் ஐயா. வெயில் வந்தா தானா உதிர்ந்திடும்."

ஏகாம்பரம் எழுதிக்கொண்டிருந்த முள்ளைக் கீழே வைத்தார். இத்தனை வருட உத்தியோகத்தில் எதுவுமே கேட்காத ஒரு பிராணியை அவர் பார்த்ததில்லை. நாற்காலியை விட்டு எழுந்து சுற்றி வந்து, அவனுடைய கால்களைத் தட்டிப் பார்த்தார். மரத்தைத் தட்டியதுபோல 'டொக்'கென்றது.

"சுமை தூக்க முடியுமா?"

"முடியும் ஐயா."

அதுதான் அவன் செய்த தப்பு. தமிழில் அவன் முதலில் படித்த சொல் 'முடியும்'. 'முடியாது' என்பதைக் கற்றுக்கொடுக்க யாரும் அவசரப்படவில்லை.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. பள்ளத்திலிருக்கும் ரேஷன் கடையிலிருந்து மூட்டை ஏற்றிவந்தான். யானைகள் குளிக்கப் போகும்போது அவர்களுடைய துணி மூட்டையைச் சுமந்தான். ஆற்றில் வெள்ளம் வந்து மூங்கில் பாலம் போனபோது, கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு அக்கரைக்கு நீந்தியவனும் அவன்தான். அன்று வேடிக்கை பார்க்க வந்து நனைந்த எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. நீந்தியவனுக்குத் தும்மல்கூட வரவில்லை. அவனுடைய சாணம் காய்ந்ததும் டீக்கடை அடுப்புக்குப் போனது. பிடரி மயிரில் கயிறு திரித்தார்கள். ராஜா பிறந்தநாள் கச்சேரிக்காக வால் மயிரைப் பிடுங்கிக் குரங்கின் பிடிலுக்கு நரம்பு கட்டினார்கள். வேறு எதுவும் இல்லாத நேரத்தில், பெரிய பாறைக்குப் பக்கத்தில் தலையில் போனை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். காட்டிலேயே சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அது. அவனுடைய பெரிய தலை இதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

அவன் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. வேலை அவனுக்குப் பிடிக்கும். ஆனால் போனைத் தலையில் சுமந்து நிற்கும்போது நேர் எதிரே மலை உச்சி தெரியும். அங்கே மரமே இல்லாமல் ஒரு புல்வெளி, வானம்வரை. காற்று அடித்தால் புல் ஒரு பக்கமாகப் படுத்து எழுந்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் மூக்கு விரியும், முன்னங்கால் தன்னால் மண்ணைக் கீறும். "தலையை ஆட்டாதேப்பா, லைன் கட்டாகுது!" என்று யாராவது கத்துவார்கள்.

அந்தப் புல்வெளிக்கு அவன் போக முடியாது. நோயாளிகள் ஓய்வெடுக்க மட்டும் என்று அதை ராஜா ஒதுக்கிவைத்திருந்தார். ஏறும் வழியில் ஒரு காட்டெருமை காவல். டாக்டர் சீட்டு இருந்தால்தான் வழி விடும்.

அங்கே அடிக்கடி போய்வருகிறவன் ராஜகேசரி. பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்று வந்த குதிரை. ஆள் பனைமரம் மாதிரி உயரம், மேனி பளபளவென்று இருக்கும். காற்று பட்டால் சளி, வெயில் பட்டால் மயக்கம், வெறும் தரையை மிதித்தால் குளம்பில் வெடிப்பு. மாதம் பாதி நாள் மேலேதான். அவன் பெட்டி படுக்கையைக் காட்டெருமை இருக்கும் வாசல்வரை சுமந்துபோய் வைப்பதும் சாரலின் வேலை.

ஒருநாள் வாசலில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, மேலிருந்து வந்த புல் வாசனையில் கண்ணை மூடி நின்றுவிட்டான் சாரல். ராஜகேசரி அதைக் கவனித்தான். நல்ல மனசுக்காரன்தான் அவன்.

"மேலே வரணும்னு ஆசையா?"

"ஆமாண்ணே. ஒரே ஒரு தடவை ஓடிப் பார்க்கணும். புரண்டு எழுந்திரிக்கணும்."

"எனக்குப் புல்லே ஆகாது தெரியுமோ? மேலே போனாத் தும்மித் தும்மியே பொழுது போயிடும். என்ன செய்ய, ஓய்வுன்னா அங்கதான் அனுப்பறாங்க." ராஜகேசரி பெருமூச்சு விட்டான். "நீ ஒரு நோயை வாங்கிக்கப்பா. நோய் இல்லாம இந்தக் காட்டுல எதுவும் நடக்காது."

சாரல் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த வாரமே ஏகாம்பரம் கூப்பிட்டனுப்பினார்.

"உங்க ஊர்ல குதிரைப் பால் கறந்து குடிப்பாங்களாமே? புளிக்கவெச்சுக் குடிச்சா உடம்புக்கு அவ்வளவு நல்லதாமே?"

"ஆமாம் ஐயா."

"ராஜாவுக்கு வயிறு சரியில்லை. நாளையிலிருந்து காலையில ஒரு குடம் கொண்டுவந்துடுங்க."

"ஐயா, அது பெண் குதிரை கொடுக்கிறது."

"தெரியும் தெரியும். இருந்தாலும் நீங்க முயற்சி பண்ணாம முடியாதுன்னு எப்படிச் சொல்றது? இதுவரைக்கும் எதையாவது முடியலைன்னு சொல்லியிருக்கீங்களா?"

ஏகாம்பரம் கேலி செய்யவில்லை. உண்மையாகவே நம்பிக் கேட்டார். சாரல் வாயைத் திறந்தான். பழக்கதோஷத்தில் 'முடியும் ஐயா' என்று வரப்பார்த்தது. பல்லைக் கடித்து நிறுத்திக்கொண்டான். அப்படியே திரும்பி, நேராக ஆஸ்பத்திரிக்கு நடந்தான்.

ஆஸ்பத்திரியில் கூட்டம் நெரிந்தது. யானைக்கு மூட்டுவலி, மயிலுக்குக் கழுத்துச் சுளுக்கு, ஓணானுக்குத் தலைசுற்றல். ஒருவர் வலியை இன்னொருவர் கேட்டு 'உச்' கொட்டிக்கொண்டிருந்தார்கள். "உனக்கு என்னப்பா?" என்று யானை அன்போடு விசாரித்தது. "இனிமேத்தான் பார்க்கணும்" என்றான் சாரல். யாரும் அவனுக்கு 'உச்' கொட்டவில்லை.

டாக்டர் குணவதி ஒரு தேவாங்கு. கண் இரண்டும் முகத்தை விடப் பெரிசு. இரவுப் பிராணியைப் பகலில் உத்தியோகம் பார்க்க வைத்திருந்ததால் எப்போதும் ஒரு கொட்டாவியோடுதான் இருப்பார். ஆனால் பொய்ச் சீட்டில் மட்டும் கையெழுத்துப் போடமாட்டார். வலி என்று வருகிறவர்களுக்கு நிஜமாகவே ஏதோ ஒரு வலி இருந்தது, அதனால் எழுதிக் கொடுத்தார்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணும் செய்யலை அம்மா. ஒரு நோய் வேணும்."

டாக்டரின் கொட்டாவி பாதியில் நின்றது. ஆனாலும் கடமை கடமைதானே. நாக்கை நீட்டச் சொன்னார். கண்ணைப் பிதுக்கிப் பார்த்தார். நெஞ்சில் காதை வைத்தவர், அந்த இதயத்தின் அடி நிதானத்தில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். நர்ஸ் அணில் வந்து எழுப்ப வேண்டியதாயிற்று. ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூச்சு வாங்கவில்லை. அருவிக்குக் கீழே நாள் முழுக்க நிற்கவைத்தார்கள். சாயங்காலம் உடம்பை ஒரு உதறு உதறினான். டாக்டர்தான் நனைந்தார், டாக்டருக்குத்தான் ஜலதோஷம் பிடித்தது.

"கடைசியா ஒண்ணு இருக்கு" என்றார் டாக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

ஆற்றங்கரையில் நீர்நாய்கள் மீன் கெடாமல் இருக்க ஒரு ஐஸ் அறை வைத்திருந்தன. அதற்குள் சாரலை அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். 'நடுக்கமாவது வராதா' என்று டாக்டர் வெளியே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் சத்தமே இல்லை. பயந்துபோய்க் கதவைத் திறந்தார்.

சாரல் ஐஸ்கட்டியைக் கறுக்முறுக்கென்று கடித்துத் தின்றுகொண்டிருந்தான். குளம்பால் ஒரு மூலையைத் தோண்டியும் வைத்திருந்தான். "கீழே புல்லு இருக்கும்னு நினைச்சேன் அம்மா, மீன்தான் இருக்கு" என்றான். பிறகு தயங்கிக் கேட்டான். "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா? ஊர் ஞாபகமா இருக்கு."

டாக்டர் குணவதி கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்து, ஒரு ஐஸ்கட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"உனக்கு என்னதாம்ப்பா குறை? சொல்லு."

"குறையே இல்லை அம்மா. எங்க ஊர்லயும் வேலை இருந்தது. ஆனா வேலை முடிஞ்சதும் சேணத்தை இறக்கி, அவிழ்த்து விட்டுடுவாங்க. திரும்ப வேணும்னா அவங்களே தேடி வந்து பிடிப்பாங்க. அதுவரைக்கும் புல்வெளிதான். இங்கேயும் எல்லாரும் நல்லவங்கதான். அவிழ்த்து விடத்தான் யாருக்கும் தெரியலை."

டாக்டரின் பெரிய கண்கள் இரண்டும் அவனையே பார்த்தன. அன்று முதல்தடவையாக அவருக்குக் கொட்டாவி வரவில்லை. எழுந்து நேரே நிர்வாக அலுவலகத்துக்குப் போனார். சாரலும் பின்னாலேயே போனான்.

"ஏகாம்பரம் சார், இவருக்கு முற்றிய பிணியின்மை" என்றார் டாக்டர்.

ஏகாம்பரம் திடுக்கிட்டார். "அப்படி ஒரு வியாதியா? கேள்விப்பட்டதே இல்லையே!"

"நம்ம காட்டுல இதுவரைக்கும் ஒருத்தருக்கும் வந்ததில்லை."

"தொத்துமா?"

"தொத்தினா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. யானைக்கு மூட்டுவலி கிடையாது. மயிலுக்குச் சுளுக்கு கிடையாது. உங்களுக்குச் சாப்பிட்டதும் வருமே ஒரு அசதி, அதுவும் கிடையாது. அப்புறம் எல்லாரும் நாள் முழுக்க வேலை பார்க்கணும்."

ஏகாம்பரத்தின் முள் அத்தனையும் குத்திட்டு நின்றது. நாற்காலியோடு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டார். "மருந்து கொடுத்துப் பார்த்தீங்களா? குணமாகுமா?"

"இவர் உடம்பு இருக்கிற இருப்பைப் பார்த்தா எனக்கு நம்பிக்கை இல்லை. மலைமேல் தனியா வைக்கிறதுதான் எல்லாருக்கும் நல்லது. ஆயுசு பூரா."

சீட்டு அந்த நிமிடமே தயாராயிற்று. ஏகாம்பரம் அதை நீளமான முள்ளில் குத்தி, எட்ட நின்று நீட்டினார்.

வழியில் சாரலுக்கு மனசு உறுத்தியது. "அம்மா, எனக்காகப் பொய் சொல்லிட்டீங்களே."

"ஒரு வார்த்தை பொய் இல்லைப்பா. உனக்கு நோய் இல்லைன்னுதான் எழுதியிருக்கேன். படிக்கிறவங்க அதை எப்படிப் புரிஞ்சுக்கிறாங்கங்கறது அவங்க பாடு."

காடே திரண்டு வழியனுப்ப வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு தூரமாக நின்று அழுதார்கள். யானை பெருங்குரலில் ஒப்பாரி வைத்தது. "நேத்துவரைக்கும் நல்லாத்தானே இருந்தான்!"

"அதுதாங்க நோயே" என்று விளக்கியது நர்ஸ் அணில்.

காட்டெருமை சீட்டைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை, குதித்து ஒதுங்கி வழி விட்டது. சாரல் மேலே ஏறினான். கடைசி மரம் பின்னால் போனது. முன்னால் புல், புல்லுக்கு அப்புறம் வானம். ஒரு கணம் நின்றான். அப்புறம் ஓடினான் பாருங்கள், அந்தக் கட்டைக் கால்களுக்குள் அத்தனை வேகம் இருந்தது யாருக்குத் தெரியும்! புல்வெளியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, அங்கிருந்து இங்கே. கடைசியில் நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு புரண்டான். கனைத்தான். எதிர்மலை திரும்பக் கனைத்தது.

ஏற்கெனவே ஓய்வுக்கு வந்து மேலே இருந்த ராஜகேசரி இதைத் தும்மிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தான். பந்தயக் குதிரையின் ரத்தம் சும்மா இருக்குமா? "இந்தக் குள்ளன் ஓடறதை நின்னு பார்க்கறதா?" என்று அவனும் பாய்ந்தான். முதல் நாள் பாதியிலேயே படுத்துவிட்டான். ஆனால் தினமும் ஓடினான். புல் இடறியது, வெயில் சுட்டது, மழை நனைத்தது. ஒரு காலையில் எழுந்து வழக்கம்போல மூக்கை உயர்த்திக் காத்திருந்தான். தும்மல் வரவில்லை. குளம்பைத் தூக்கிப் பார்த்தான். வெடிப்பையும் காணோம்.

அலறியடித்துக்கொண்டு கீழே ஓடினான். "டாக்டரம்மா! தொத்திக்கிச்சு! எனக்கும் தொத்திக்கிச்சு!"

டாக்டர் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். "பிணியின்மைதான். சந்தேகமே இல்லை. நீயும் மேலேயே இருந்துக்கப்பா."

இந்தச் செய்தி காட்டில் பரவ ஒரு பகல்கூட ஆகவில்லை. இதற்குள் சாரல் பார்த்த வேலைகளெல்லாம் எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தன. யானை தன் துணியைத் தானே சுமந்தது. போனைச் சுமந்து நின்று நின்று மயிலுக்குக் கழுத்தே திரும்பவில்லை. இப்படி இருக்கும்போது, நோய் உள்ளவர்களுக்குச் சில நாள்தான் ஓய்வு, நோய் இல்லாதவர்களுக்கு ஆயுள் முழுக்க ஓய்வு என்று தெரிந்தால் யார் பொறுப்பார்கள்?

மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் வரிசை ஆற்றங்கரைவரை நீண்டிருந்தது.

"எனக்கு மூட்டுவலியே இல்லை டாக்டர்" என்று யானை அழாக்குறையாகச் சொன்னது. நிரூபிக்க நான்கு தடவை உட்கார்ந்து எழுந்தது. ஐந்தாம் தடவை எழுந்திருக்க முடியவில்லை.

"மூட்டுவலி நல்லாவே இருக்கு. கவலைப்படாதீங்க. போய் வேலையைப் பாருங்க" என்றார் டாக்டர்.

மயில் கழுத்தை வலிக்க வலிக்கத் திருப்பிக் காட்டியது. சுளுக்கு இருப்பது உறுதியானதும் அதையும் வேலைக்கு அனுப்பிவிட்டார். ஏகாம்பரம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து, டாக்டர் முன்னாலேயே முழுவதும் சாப்பிட்டு, தனக்கு அசதியே வராது என்று சத்தியம் செய்தார். சத்தியம் முடிவதற்குள் குறட்டை வந்தது. எழுப்பி அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். நோயாளிகள் எல்லோரும் வேலை பார்க்க ஆரம்பித்ததில், அந்த வருடம் மூங்கில் பாலம் கல் பாலமாகவே கட்டப்பட்டுவிட்டது.

வரிசையின் கடைசியில் நின்றவர் புலி ராஜா. தனக்கு முன்னால் நின்ற முயல் விலகி வழி விட்டும், "பரவாயில்லை, பரவாயில்லை" என்று நின்று, முறை வந்ததும் உள்ளே வந்தார். மீசை தொங்கிப்போயிருந்தது.

"பல்லு, நகம், வயிறு எல்லாம் நல்லா இருக்கும்மா. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு" என்றார் தாழ்ந்த குரலில்.

டாக்டர் குணவதி ராஜாவின் நாக்கைப் பார்த்தார். கண்ணைப் பார்த்தார். பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.

"லேசாப் பித்தம் இருக்கு மகாராஜா. தாராளமா ராஜ்ஜியம் பண்ணலாம்."

புலி கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்து, வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ராஜ்ஜியம் பண்ணப் போனது.

நீதி: நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம், ஆனால் அதுவும் ஒரு நோய்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் அனுபவிக்க முடியும்.